கலை வரலாறும் சினிமாவும் சேர்த்துப் படிக்க நினைப்பவர்கள் பட்டத்தின் பெயரைப் பார்த்துச் சேர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்வு முடிவுகளையொட்டித் தங்கள் நாளிதழ் வெளியிடும் உயர்கல்வி வழிகாட்டிப் பக்கங்களில் கவின்கலை ஒரு கட்டத்திலும் சினிமா இன்னொரு கட்டத்திலும் அச்சாகின்றன. ஒன்றில் ஓவியம், சிற்பம், வடிவமைப்பு. மற்றதில் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம். இரண்டையும் இணைத்து ஆய்வு செய்து, கல்லூரி ஆசிரியராகவோ ஆவணக் காப்பாளராகவோ வாழ வழி உண்டு என்பது எந்தக் கட்டத்திலும் இல்லை. அந்த வழியில் தமிழ்நாட்டு மாணவர்கள் சிக்கிக்கொள்ளும் இடமும் பெரும்பாலும் ஒன்றுதான்: முதுகலையில் சேரும்போது பட்டத்தின் பெயரைக் கவனிக்காமல் சேர்ந்துவிடுவது. இந்தப் பாடங்களைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து இதைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

இவை ஏன் ஒன்றாகப் படிக்க வேண்டியவை என்பதற்குச் சென்னையைவிட நல்ல சான்று இல்லை. 1913-இல் இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படத்தை எடுத்த பால்கே, அதற்கு முன் ஓவியர் ரவி வர்மாவின் அச்சகத்துக்கு வேலை செய்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற கொண்டையராஜு நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்தார். பிறகு கோவில்பட்டியில் தங்கித் தமிழ்நாட்டுப் பூஜை அறைகளை நிரப்பிய காலண்டர் படங்களைத் தீட்டினார். 1850-இல் தொடங்கிய அதே பள்ளி, இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. பி. கிருஷ்ணமூர்த்தி, தோட்டா தரணி, சாபு சிரில் என்று கலை இயக்குநர்களின் வரிசை அங்கிருந்துதான் வந்தது. அண்ணா சாலையில் நின்ற பேனர்களையும் கட்-அவுட்களையும் பற்றி 2009-இல் விரிவான ஆங்கில நூல் எழுதிய பிரமிந்தா ஜேக்கப், கலை வரலாற்றுத் துறையைச் சேர்ந்தவர். கோயில் தூணைப் பார்க்கப் பழகிய கண்ணுக்குப் பேனரில் தெரிவது வேறு. அந்தக் கண் சினிமா ஆய்வுக்கு அவசியம் வேண்டும்.

இனிப் படிப்புக்கு வருவோம். சென்னையில் இளங்கலை அளவில் வழிகள் உண்டு. ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியின் கவின்கலைத் துறை கலை வரலாற்றைப் பாடமாகவே நடத்துகிறது. அரசு கவின்கலைக் கல்லூரியிலும் தரமணி எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனத்திலும் நான்காண்டுப் பட்டங்கள் இருக்கின்றன. இரண்டிலும் தொழில்தான் முதன்மை, வரலாறு துணைப்பாடம். விஸ்காம் எனும் காட்சித் தொடர்பியல் துறைகளில் திரைப்பட வரலாறு ஓரிரு தாள்களோடு முடிந்துவிடும். ஆகவே முதுகலைக்குப் பெரும்பாலோர் வெளியூர்தான் போக வேண்டியிருக்கிறது. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் கலை மற்றும் அழகியல் பள்ளி காட்சிக்கலை, அரங்கக்கலை, திரைப்படம் மூன்றையும் ஒரே எம்.ஏ.வில் வைத்திருக்கிறது, சேர்க்கை பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வான சியூஇடி முதுகலைத் தேர்வு மூலம். கொல்கத்தா ஜாதவ்பூரில் திரைப்பட ஆய்வுக்கென்றே தனித் துறை உண்டு. கலை வரலாற்றுக்குப் பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகமும் சாந்திநிகேதன் கலாபவனமும் பழைய, உறுதியான இடங்கள்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. உதவிப் பேராசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) நெட். அதன் பாடப் பட்டியலில் 'திரைப்பட ஆய்வு' என்று ஒரு பாடமே கிடையாது. கலை வரலாறு, பாட எண் 79 ஆன காட்சிக்கலைக்குள் ஒரு விருப்பப் பிரிவாக இருக்கிறது. சினிமா எழுத விரும்புகிறவர் பாட எண் 63, அதாவது இதழியல் மற்றும் மக்கள் தொடர்பியல், அல்லது காட்சிக்கலை, அல்லது அவரவர் முதுகலைப்படி ஆங்கிலம், வரலாறு என்றுதான் எழுத முடியும். தம் முதுகலைப் பாடம் பட்டியலில் இல்லாதவர்கள் அதற்கு நெருங்கிய பாடத்தில் எழுதலாம் என்று நெட் விதி இடம் தருகிறது. அதை நம்பி எழுதித் தேறியும் விடுகிறார்கள். பிறகு அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும்போதுதான் கேள்வி எழுகிறது: உங்கள் எம்.ஏ. இந்தப் பாடத்துக்கு இணையானதா? அதற்கான அரசாணை எங்கே? கையில் ஆணை இல்லையென்றால், நெட் தேர்ச்சியும் முனைவர் பட்டமும் இருந்தாலும் சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் விண்ணப்பம் நின்றுவிடும். விண்ணப்பித்த பிறகு இணைத்தன்மை ஆணைக்கு அலைந்தால் அது நேரத்துக்குக் கைக்கு வருவதில்லை.

ஆகையால் எங்கள் யோசனை இது. தமிழ்நாட்டில் ஆசிரியப் பணிதான் இலக்கு என்றால், பட்டத்தின் பெயர் ஏற்கெனவே பாடப் பட்டியலில் உள்ளதாக இருக்கட்டும்: காட்சிக்கலை, கலை வரலாறு, விஸ்காம், இதழியல், வரலாறு, ஆங்கிலம் ஏதாவது ஒன்று. இன்னொரு துறையை ஆய்வேட்டிலும் விருப்பப் பாடங்களிலும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிதாகக் காதுக்கு இனிமையான பெயர் வைத்த முதுகலைகளில், மூத்த மாணவர் ஒருவராவது அந்தப் பட்டத்தைக் கொண்டு அரசுப் பணியில் சேர்ந்திருக்கிறாரா என்று துறையிலேயே கேட்டுவிட்டுச் சேருங்கள். மத்தியப் பல்கலைக்கழகம், தனியார் பல்கலைக்கழகம், அருங்காட்சியகம், வெளிநாடு என்று போகிறவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு அவ்வளவு இறுக்கமில்லை.

இன்னொரு எச்சரிக்கை, நான்காண்டுப் பட்டம் பெறும் கவின்கலை, திரைப்பட மாணவர்களுக்கு. 75 சதவீத மதிப்பெண் இருந்தால் முதுகலை இல்லாமலே நெட் எழுதவும் பிஎச்.டி. சேரவும் இப்போது வழி திறந்திருக்கிறது. ஆனால் உதவிப் பேராசிரியர் பணிக்கான 2018 யுஜிசி விதிகள் முதுகலையில் 55 சதவீதம் கேட்கின்றன. இரண்டு வருடம் மிச்சமாகிறதே என்று தாண்டிப் போனால், பட்டம் பெற்ற பிறகு அந்த இரண்டு வருடத்துக்கே திரும்பி வர நேரலாம்.

நெட் தேர்வு ஆண்டுக்கு இருமுறை. முதல் தாளில் 50 கேள்விகள், இரண்டாம் தாளில் 100, மொத்தம் 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. 2024 முதல் பிஎச்.டி. சேர்க்கைக்கும் இதே மதிப்பெண்தான்: ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைக்காதவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்ற விகிதம். சேர்க்கைக்கான அந்தத் தகுதி ஓராண்டுதான் செல்லும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஜேஆர்எஃப் கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. பொதுப்பிரிவுக்கு வயது வரம்பு 30. பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தார், பெண்கள் முதலியோருக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு.

பிஎச்.டி.யில் இரு துறைகளை முறைப்படி இணைக்கும் கருவி, இணை நெறியாளர், அதாவது ஆய்வை வழிநடத்தும் இரண்டாவது ஆசிரியர். 2022 யுஜிசி விதிகள் இதற்குத் தெளிவாக இடம் தருகின்றன: வேறு துறையிலிருந்தும் வேறு நிறுவனத்திலிருந்தும் இணை நெறியாளரை வைத்துக்கொள்ளலாம். இதைப் பதிவின்போதே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். வாய்ச்சொல்லாக விட்டால், மூன்றாம் வருடம் ஆலோசனைக் குழுவில் இருப்பவர் 'இதில் கலை வரலாறு எங்கே?' என்றோ 'சினிமாவுக்கும் இந்தத் துறைக்கும் என்ன தொடர்பு?' என்றோ கேட்கும்போது மாணவருக்காகப் பேச ஆள் இருக்காது. நெறியாளருக்கு இடம் இருக்கிறதா என்பதையும் முன்பே பாருங்கள்: ஒரே நேரத்தில் பேராசிரியருக்கு 8 மாணவர், இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 என்பதுதான் வரம்பு. பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு. தொடக்கத்தில் படித்து முடிக்க வேண்டிய தாள்களுக்குக் குறைந்தது 12 கிரெடிட்.

தலைப்பை எவ்வளவு குறுக்குகிறோமோ அவ்வளவு நல்லது. 'தமிழ் சினிமாவில் ஓவியக் கலை' என்ற தலைப்பில் ஆறு ஆண்டுகளிலும் ஒன்றும் முடியாது. ஒரு ஸ்டுடியோ, பத்து ஆண்டுகள், பத்துப் பதினைந்து படங்கள், அவற்றின் செட்டுகளும் அவற்றைச் செய்த பெயின்டர்களும், தூண், சிற்பங்களைப் பிளாஸ்டரில் வார்க்கும் மோல்டர்களும் என்றால் முடியும். சென்னை ஸ்டுடியோக்களில் தெலுங்கு, மலையாள, கன்னடப் படங்களும் உருவானதால், தெலுங்கு எழுத்தாவது படிக்கத் தெரிந்திருப்பது பெரிய பலம்.

இந்த ஆய்வில் வேலை எங்கே கெட்டுப்போகிறது என்பதை எந்த வழிகாட்டிப் புத்தகமும் மாணவருக்குச் சொல்வதில்லை. முதல் பிழை, யூடியூப் ஸ்கிரீன்ஷாட். 1950-களின் தமிழ்ப் படச் சட்டகம் (ஃபிரேம்) அகலம் 1.37-க்கு உயரம் 1. இன்றைய டிவி 1.78-க்கு 1. பழைய படத்தை அகலத்திரையில் நிரப்ப மேலும் கீழும் வெட்டுகிறார்கள். உயரத்தில் 23 சதவீதம் போய்விடுகிறது. தலைக்கு மேலிருந்த தோரணமும் காலடியில் இருந்த கோலமும் இல்லாத படத்தை வைத்துக்கொண்டு 'இயக்குநர் முகத்தை நெருக்கிக் காட்டுகிறார்' என்று எழுதினால் அது வெட்டியவரைப் பற்றிய ஆய்வாகிவிடும். வெட்டாமல் இழுத்துப் பொருத்தியிருந்தால் எல்லாம் 30 சதவீதம் அகன்று தெரியும். கண்டுபிடிக்க எளிய வழி: காமிராவுக்கு நேராக இருக்கும் வட்டம் ஒன்றைத் தேடுங்கள், சுவர்க்கடிகாரம், வண்டிச்சக்கரம் எதுவானாலும் சரி. அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள். சினிமாஸ்கோப் எனும் அகலத்திரைப் படங்களில் சேதம் இன்னும் அதிகம். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 1973-இன் 'ராஜராஜ சோழன்' போன்ற ஒன்றைப் பழைய 4:3 டிவிக்காக வெட்டிய பிரதியில் பார்த்தால் சட்டகத்தில் 43 சதவீதம் கண்ணில் படாது.

அடுத்தது நீளம். தணிக்கைச் சான்றிதழில் படத்தின் நீளம் இருக்கும். வினாடிக்கு 24 சட்டகம் ஓடும் 35 மி.மீ. படம் நிமிடத்துக்கு 90 அடி. 16,000 அடி என்றால் சுமார் 178 நிமிடம். வினாடிக்கு 25 சட்டகம் என்ற கணக்கில் ஓடும் டிவிடி, விசிடி பிரதிகளில் 4 சதவீதம் குறைந்து 171 நிமிடம் வரலாம். 150 நிமிடத்தில் முடிந்தால் ஏதோ வெட்டுப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் பாட்டுகளும் தனி நகைச்சுவைக் காட்சிகளுமே போயிருக்கும். எனவே அடிக்குறிப்பில் படத்தின் பெயரும் ஆண்டும் மட்டும் போதாது. எந்தப் பிரதி, எத்தனை நிமிடம், காட்சி எந்த நிமிடம் எந்த வினாடி என்பதும் வேண்டும்.

நிறத்தைப் பற்றி எழுதும்போது இன்னும் கவனம் தேவை. ஈஸ்ட்மென்கலர் எனும் வண்ணப் படச்சுருளில் எடுத்த பழைய பிரின்ட்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கும், எஞ்சுவது இளஞ்சிவப்பு. அதைப் பார்த்துவிட்டு 'சிவப்பு ஆதிக்கம்' என்று ஓர் அத்தியாயமே எழுதப்படுவதுண்டு. ஸ்டில் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாமா என்றால், அந்தக் காலத்து வண்ண ஸ்டில்களில் பல கறுப்பு வெள்ளையில் எடுத்துக் கையால் வண்ணம் தீட்டியவை. அவை ஓவியத்துக்குச் சாட்சி. படத்தின் நிறத்துக்குச் சாட்சி ஆகாது.

போஸ்டருக்கு வருவோம். டபுள் கிரவுன் என்ற போஸ்டர் அளவு 20 அங்குலத்துக்கு 30. அதன் கீழ் விளிம்பில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். அன்று நடைமுறையில் இருந்த 1867-ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின்படி போட்டே ஆக வேண்டியிருந்தது அது. ஃபிரேம் போடுகிறவர் முதலில் வெட்டி எறிவதும் அந்த விளிம்பைத்தான். 10 மடங்கு பெருக்கும் லென்ஸை முகத்தின் நிழல் விழும் இடத்தில் வைத்துப் பாருங்கள்: கல் அச்சு என்றால் சிதறிய மணல் போன்ற ஒழுங்கற்ற மணிகள், ஆஃப்செட் என்றால் வரிசை பிசகாத புள்ளிகள். ஒரே படம் இருபது வருடம் கழித்து மறுவெளியீடு கண்டபோது அச்சிட்ட போஸ்டரை முதல் வெளியீட்டுப் போஸ்டர் என்று நம்பி ஏமாறாமல் இருக்க இந்த இரண்டும் உதவும். பிரதி எடுக்கும்போது முழு அளவில் 300 டிபிஐ என்றால் 6,000-க்கு 9,000 பிக்சல், டிஃப் கோப்பாகச் சுமார் 162 எம்பி. செல்போனில் எடுத்த படம் குறிப்புக்கு உதவும், ஆய்வேட்டில் அச்சிட உதவாது.

'கீசக வதம்', 1931-இன் 'காளிதாஸ்' இரண்டின் சுருள்களும் இன்று இல்லை. இப்படி மறைந்த படங்களுக்குப் பாட்டுப் புத்தகமும் பத்திரிகை விளம்பரமும் தவிர வேறு துணை குறைவு. தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகங்களும் சினிமா இதழ்களும் இருக்கின்றன. பாட்டுப் புத்தகத்தில் பல நேரம் ஆண்டு இருக்காது. விளம்பரத்தோடு ஒத்துப் பார்த்தே காலம் சொல்ல வேண்டும். புத்தகத்தில் உள்ள பாட்டெல்லாம் படத்தில் இருந்தது என்றும் எண்ணிவிடக் கூடாது. மௌனப்பட காலத்துக்கு, சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927-28-இல் இயங்கிய இந்தியத் திரைப்படக் குழுவின் சாட்சியத் தொகுதிகள் பொக்கிஷம். கோயில் சிற்ப ஒப்பீட்டுக்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்பு இருக்கிறது. இன்று கோயிலுக்குள் காமிரா கொண்டுபோக முடியாத இடங்களுக்கு அதுவே கதி.

கலை வரலாறு படித்தவர் செய்யும் தனிப்பிழை ஒன்று உண்டு. சோழர் கதைப் படத்தின் அரண்மனையில் பாயும் யாளித் தூண் நிற்கும். அது விஜயநகர, நாயக்கர் காலத்துக்குரியது. படம் தவறு என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுவார். அந்தத் தூண் ஏன் அங்கே வந்தது என்பதுதான் கேள்வி. மோல்டர் எந்தக் கோயில் தூணைப் பார்த்து அச்சு எடுத்தார், அதே பிளாஸ்டர் அச்சு அடுத்து எந்தெந்தப் படங்களின் செட்டுக்குப் போனது, நாடக மேடையின் திரைச்சீலையில் அது முன்பே இருந்ததா என்று தேடினால் ஆய்வு வளரும். இதற்குப் பதில் வைத்திருக்கிற பெயின்டர்களும் மோல்டர்களும் முதியவர்கள். பேட்டிக்குப் போகும்போது தமிழில் எழுதிய ஒப்புதல் படிவம், 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் வேவ் கோப்பில் பதிவு, மூன்று இடங்களில் பிரதி: இவை குறைந்தபட்சம்.

படங்களை அச்சிடும் உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. திரைப்படத்தின் காப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1960-இல் வந்த படத்துக்கு 2020 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. அதிலுள்ள பாடல் வரிகளுக்கும் ஓவியத்துக்கும் கணக்கு வேறு: படைத்தவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள். ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவில் எடுத்தாள 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனாலும் வெளிநாட்டுப் பதிப்பகங்கள் எழுத்து அனுமதி கேட்பது வழக்கம் என்பதால் கடிதங்களை முதல் வருடமே அனுப்பத் தொடங்குவது நல்லது.

வெளிநாட்டில் இந்த இணைப்பைப் பெயரிலேயே வைத்திருக்கும் இடங்கள் உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் திரைப்பட ஆய்வையும் கலை வரலாற்றையும் ஒரே பிஎச்.டி.யாக முடிக்கலாம். விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பரில் முடியும். எழுத்து மாதிரியாக ஒரு படத்தின் கதையைச் சொல்லும் கட்டுரையை அனுப்பாதீர்கள். ஒரே சட்டகத்தை, ஒரே போஸ்டரை ஆழமாகப் படித்த கட்டுரை அனுப்புங்கள்.

வேலை நிலவரத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். யுஜிசி ஊதிய விகிதத்தில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். சுயநிதிக் கல்லூரிகளின் விஸ்காம் துறைகளில் பல இடங்களில் இதற்கு மிகக் குறைவு. வேலையும் கேமரா, எடிட்டிங் வகுப்பாகவே இருக்கும். ஆகவே ஏதாவது ஒரு கைத்திறனையும் கூடக் கற்றுக்கொள்வது நல்லது: காகிதப் பாதுகாப்பு, அட்டவணையிடல், டிஜிட்டல் பிரதி எடுத்தல். நூலகங்களும் தனியார் கலைத் தொகுப்புகளும் இந்தத் திறன் உள்ளவர்களைத் தேடுகின்றன.

கடைசியாக, அரசுக்கு எங்கள் கோரிக்கை. கவின்கலைக் கல்லூரியும் எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனமும் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ், தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ், இயங்குகின்றன. ஓவிய மாணவர் தரமணியிலும் ஒளிப்பதிவு மாணவர் பெரியமேட்டிலும் ஆளுக்கு இரண்டு தாள் எடுத்துக் கிரெடிட் பெறப் பல்கலைக்கழகத்தின் ஒரு தீர்மானம் போதும். புதுக் கட்டடம் வேண்டாம். அதன் மேல் கலை வரலாறு மற்றும் திரைப்பட ஆய்வு முதுகலை ஒன்றைத் தொடங்கட்டும். தொடங்குவதற்கு முன், அது காட்சிக்கலைக்கும் விஸ்காமுக்கும் இணையானது என்ற அரசாணையை உயர்கல்வித் துறையிடம் பெற்று, ஆணையின் எண்ணையும் தேதியையும் முதல் ஆண்டுச் சேர்க்கைக் கையேட்டிலேயே அச்சிடட்டும்.

இப்படிக்கு,
கலை வரலாறு, திரைப்படப் பாட ஆசிரியர்கள் சிலர்,
சென்னை.